ஒடுக்கு விழுந்த பழைய 12 போர் இரட்டைக்குழல்: பட்டறையில் தட்டினால் போதுமா?

நவம்பர் 3, மன்னை வாசகர்

சொந்தத்தில் ஒருவரிடம் லைசென்ஸோடு பழைய 12 போர் இரட்டைக்குழல் இருக்கிறது. எனக்கும் லைசென்ஸ் வந்துவிட்டது, விலையும் பேசியாச்சு. இடது குழலில் பாதிக்கு முன்னால் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒடுக்கு. பின்கட்டையில் கை பிடிக்கும் இடத்தில் விரிசல். மூடிய பிறகும் லேசாக ஆடுகிறது. வலது குழல் கண்ணாடி மாதிரி இருக்கிறது, அதில் கவலை இல்லை. பக்கத்து லேத் பட்டறையில் இரும்புத் தடியை உள்ளே விட்டு ஒடுக்கைத் தட்டி எடுத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். 70 மி.மீ. தோட்டா தாராளமாக உள்ளே போகிறது, அதனால் சேம்பர் (தோட்டா உட்காரும் இடம்) சரி. துருவுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன். வேறு என்ன பார்க்கணும்?

நவம்பர் 3 இரவு, கடைமடை

ஒடுக்கைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள், 70 மி.மீ. தோட்டாவைப் பார்த்துத் தைரியமாக இருக்கிறீர்கள். இரண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

தோட்டாப் பெட்டியில் போட்டிருக்கும் நீளம் சுட்டபின் வாய் விரிந்து நிற்கும் நீளம். சுடாத 70 மி.மீ. தோட்டாவின் வாய் மடிந்திருக்கும், ஏறத்தாழ 58 மி.மீ.தான் இருக்கும். 65 மி.மீ. சேம்பரிலும் அது சொகுசாகப் போய் உட்காரும், துப்பாக்கியும் மூடும். சுட்டதும் விரியும் வாய்க்கு இடமில்லாமல் சேம்பருக்கு முன்னுள்ள கூம்பில் போய் நெருக்கும், ரவையும் வேடும் (மருந்துக்கும் ரவைக்கும் நடுவே உள்ள அடைப்பு) அந்த இடுக்கில் பிதுங்கித்தான் வெளியேறணும். அழுத்தம் ஏறும். "உள்ளே போகுது, மூடுது" என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சேம்பர் கேஜ் வைத்து அளந்தால்தான் தெரியும்.

தேங்காய் எண்ணெயைத் துடையுங்கள். நாளாக நாளாகப் பிசினாகி லாக் (சுடும் பொறி) உள்ளே ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் போதும், அதுவும் துணியில் தொட்டு.

லேத் பட்டறை பற்றி நாளைக்கு.

நவம்பர் 4, கடைமடை

ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 5. துப்பாக்கி தயாரிக்க, விற்க மட்டுமல்ல, பழுது பார்க்கவும் பரிசோதிக்கவும் தனி லைசென்ஸ் வேண்டும். டிராக்டர் ஆக்சில் கடையும் பட்டறைக்கு அது இருக்காது. துப்பாக்கியை அங்கே கொடுத்தால் உங்களுக்கும் வழக்கு, பட்டறைக்காரருக்கும் வழக்கு. "முன்னால ரெண்டு அங்குலம் வெட்டிட்டா ஒடுக்கே இருக்காது" என்று யாராவது சொன்னால் குழலைக் குறைப்பதற்கென்றே பிரிவு 6 இருக்கிறது. அந்தப் பேச்சையே விடுங்கள்.

லைசென்ஸ் உள்ள ஆயுத டீலர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம்தான் போகணும். துப்பாக்கி நம்பர், உங்கள் லைசென்ஸ் நம்பர், என்ன வேலை, எந்தத் தேதியில் கொடுத்தது, எல்லாம் எழுதிய ரசீது வாங்குங்கள். வேலை முடியும்வரை அந்த ரசீது உங்களிடம் இருக்கட்டும்.

வாங்கும் முறையிலும் ஒன்று. தனியார் ஒருவர் இன்னொரு லைசென்ஸ்தாரருக்கு விற்கும்போது, விற்பவர் முன்கூட்டியே மாவட்ட ஆட்சியருக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்திருக்கணும். பணம் கைமாறிய அன்றே துப்பாக்கியைக் கொண்டுவர முடியாது. அந்த 45 நாள் உங்களுக்கு நல்லதுதான், அதற்குள் அளவு பார்த்துவிடலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. வீட்டில் ஏற்கெனவே தாத்தா காலத்துத் துப்பாக்கி உங்கள் பேரில் இருந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நவம்பர் 4, பழைய ஃபிட்டர்

சட்டத்தை விடுங்கள், தடி விட்டுத் தட்டுவதே வேலையாக எடுபடாது. குழல் உள்விட்டம் சுமார் 18.5 மி.மீ. உள்ளே போகும் தடி அதைவிட மெலிசு. தட்டும்போது தகடு ஒரு கோட்டில் மட்டும் அடி வாங்கும், நீளும், மறுபக்கம் புடைக்கும். ஒடுக்கு போய் வீக்கம் வரும். ஒடுக்கை எடுக்கலாம், வீக்கத்தை உள்ளே தள்ளுவது அதைவிடச் சிரமம்.

சரியான முறை: உள்விட்டத்துக்குப் பொருந்தும், விரியக்கூடிய பிளக். ஹைட்ராலிக்கும் உண்டு, ஆப்பு வைத்து விரிப்பதும் உண்டு. ஒடுக்குக்கு நேரே நிறுத்தி, கொஞ்சம் விரித்து, வெளியே ஒடுக்கின் ஓரத்தைச் சுற்றி லேசான பித்தளைச் சுத்தியால் தட்டி, மறுபடி கொஞ்சம் விரித்து. உள்ளிருந்து தாங்கல் இருப்பதால் தகடு நீளாது. அவசரப்பட்டு ஒரே மூச்சில் விரித்தால் வீக்கம்தான்.

அளவு: ஒடுக்கின் மேல் மட்டும் பார்க்காதீர்கள். குழலின் சுவர் கனத்தைச் சுற்றிலும் நாலு இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள். 20 தவ்வுக்குக் கீழே (தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 20 தவ் அரை மில்லிமீட்டர்) எங்கேயும் இருக்கக்கூடாது. அது முன்பாதிக்கான கணக்கு. சேம்பர் பக்கம் பல மடங்கு கனம் வேண்டும்.

நவம்பர் 6, கடைமடை

ஃபிட்டர் சொன்ன 20 தவ் பிரிட்டிஷ் துப்பாக்கிக்காரர்கள் வழக்கத்தில் வைத்திருக்கும் கீழ்வரம்பு. எழுதிய சட்டம் இல்லை. துப்பாக்கியைச் சோதித்து முத்திரை போடும் ப்ரூஃப் ஹவுஸ் பார்ப்பது உள்விட்டத்தை. அந்தக் கணக்கு வேறு, இரண்டும் வேண்டும்.

முன்கட்டையைக் கழற்றி, குழல்களைப் பிரித்து, அடித்தட்டைத் திருப்பிப் பாருங்கள். பர்மிங்காம் துப்பாக்கி என்றால் 1954க்கு முன்னால் உள்ளதில் கிரீடத்துக்குக் கீழே பி.பி., பி.வி. இருக்கும். நைட்ரோ (புகையற்ற) மருந்துக்குச் சோதித்ததென்றால் என்.பி. அல்லது "நைட்ரோ ப்ரூஃப்" என்றும் ஒன்றேகால் அல்லது ஒன்றேஅரைக்கால் அவுன்ஸ் என்று ரவை எடையும் இருக்கும். ஒன்றேஅரைக்கால் என்பது 32 கிராம். 1954க்குப் பிறகு பி.என்.பி., கூடவே சதுர அங்குலத்துக்கு 3 டன் என்பது மாதிரி அழுத்தம். 3 டன் என்றால் பெரும்பாலும் 65 மி.மீ. சேம்பர், மூன்றேகால் டன் என்றால் 70. பெல்ஜியம் துப்பாக்கியில் முட்டை வடிவ வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. இருக்கும், புகையற்ற மருந்துச் சோதனைக்குச் சிங்கமும் பி.வி.யும்.

நைட்ரோ அடையாளமே இல்லாமல் குழலில் தலைமுடிப் பின்னல் போல வரிவரியாகத் தெரிந்தால் டமாஸ்கஸ். கரிமருந்துக் காலத்துச் சரக்கு. இன்றைய தோட்டாவை அதில் போடாதீர்கள், சுவரில் மாட்டிக்கொள்ளலாம். அதற்கும் லைசென்ஸ் வேண்டும் என்பது வேறு கதை.

உள்விட்டக் கணக்கு: முத்திரை 12 என்றால் அடித்தபோது .729 அங்குலம் முதல் .740க்குள். 12/1 என்றால் .740லிருந்து. 13/1 என்றால் .719லிருந்து. பின்முகத்திலிருந்து 9 அங்குலம் தள்ளி அளக்கணும். முத்திரை சொல்லும் அளவைவிட 10 தவ் கூடியிருந்தால் அந்த முத்திரை செல்லாது. 1954க்குப் பிந்தியதில் .729 என்று தசமமாகவே இருக்கும்.

நவம்பர் 6, மன்னை வாசகர்

என்.பி. இருக்கிறது, 12 இருக்கிறது, இரண்டரை அங்குலம் என்றும் பொடி எழுத்தில் இருக்கிறது. அப்போ 65தானா?

நவம்பர் 6, கடைமடை

ஆமாம், இரண்டரை அங்குலம்தான் 65. நடுவில் யாராவது ரீமர் போட்டுக் கடைந்து 70 ஆக்கியிருக்கலாம், அதனால் கேஜும் வைக்கணும். அப்படி ஆக்கியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள். கூம்பு இருந்த இடத்தில் இரும்பு போயிருக்கும், முத்திரையும் போயிருக்கும்.

நவம்பர் 9, கடைமடை

ஆட்டம் பற்றி. முன்கட்டையைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். அதிலுள்ள ஸ்பிரிங் குழலைப் பின்னால் தள்ளித் தளர்வை மறைத்துவிடும். விற்பவர் முன்கட்டையோடு ஆட்டிக் காட்டினால் அது சோதனையே இல்லை. கழற்றியபின் மூடி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் குழலின் பின்முகத்துக்கும் ஆக்‌ஷன் (விசை, பூட்டு உள்ள பின்பகுதி) முகத்துக்கும் நடுவே பாருங்கள். கோடு போல வெளிச்சம் தெரிந்தால் முகம் விட்டிருக்கிறது. சிகரெட் தாள் ஒன்றை இடையில் வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தாலும் அதுதான் அர்த்தம். மேல் லிவர் மூடிய நிலையில் நடுவிலோ கொஞ்சம் வலதுபுறமோ நிற்கணும். இடதுபுறம் தாண்டி நின்றால் பூட்டுப் பலகை தேய்ந்திருக்கிறது. சுட்ட தோட்டா ஏதாவது வைத்திருந்தால் அதன் கேப் (அடியில் குத்து விழும் பொட்டு) பின்னால் தள்ளி நிற்கிறதா என்று பாருங்கள்.

காரணம் சாதாரணம். குழலடியில் உள்ள கொக்கி கீல் ஆணியில் சுழன்று சுழன்று தேய்கிறது. படக்கென்று மணிக்கட்டை வெட்டி மூடும் பழக்கம் இதைச் சீக்கிரம் கொண்டுவரும். பழைய பஜார் வைத்தியம் கொக்கியைச் சுத்தியால் அடித்து இரும்பைப் பிதுக்கி விடுவது. வாங்கும் அன்று கச்சிதமாக மூடும், ஒரு பெட்டித் தோட்டா முடிவதற்குள் பழைய நிலை. கொக்கியில் பூரான் கால் மாதிரி அடித்தடம் தெரிந்தால் இந்த வேலை நடந்திருக்கிறது. சரியான வழி கீல் ஆணியை ஒரு சுற்றுப் பெரிதாகப் போடுவது, அல்லது கொக்கியில் டிக் வெல்டிங்கால் உலோகம் ஏற்றி, விளக்குப் புகை பூசி, ஒட்டும் இடத்தை மட்டும் அரம் போட்டு இறக்குவது. பொறுமையான வேலை, கூலி அதற்கேற்ப.

நவம்பர் 15, வேதாரண்யம் பக்கம்

துருவைப் பற்றி யாரும் பேசவில்லை. இங்கே கடல் காற்று, ஐப்பசி கார்த்திகை மழை. துப்பாக்கியைத் தோல் உறையிலோ கித்தான் பையிலோ போட்டுப் பீரோவில் வைத்தால் அந்த உறையே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நெல் அடுக்கிய அறையிலும் வேண்டாம். உறை இல்லாமல், பூட்டிய இரும்புப் பெட்டியில், சிலிக்கா ஜெல்லோடு. வெறும் கையால் குழலைத் தொட்டால் வியர்வைத் தடம் அடுத்த வாரம் துருவாகும்.

மேல்துருவுக்கு மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நாலு பூஜ்யம் போட்ட மெல்லிய இரும்புப் பஞ்சில் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் கருநிறம் போகாமல் துரு மட்டும் வரும். உப்புத்தாள் கூடாது. டபிள்யூ.டி.-40 ஈரத்தை விரட்ட நல்லது, காவலுக்கு நிற்காது. தோட்டா கிடக்கும் இடத்தில் அடித்தால் கேப்புக்குள் இறங்கும்.

குழலைக் கருப்பாக்கித் தருகிறேன் என்று காஸ்டிக் கொதிகலனில் முக்குவார்கள். ஒற்றைக்குழலுக்குச் சரி. இரட்டைக்குழலில் நடுப்பட்டை ஈயப் பற்றவைப்பில் நிற்கிறது, காஸ்டிக் அதைத் தின்றுவிடும். இரட்டைக்குழலுக்குத் துருப்பிடிக்க விட்டு வெந்நீரில் கொதிக்கவைக்கும் பழைய முறைதான். பட்டை விட்டிருக்கிறதா என்று பார்க்க, குழல்களைக் கொக்கியில் கயிறு கட்டித் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டுங்கள். கோயில் மணி மாதிரி இழுத்துப் பேசினால் சரி. கரகரத்தால் எங்கோ விட்டிருக்கிறது.

நவம்பர் 15, பழைய ஃபிட்டர்

இன்னொன்று, நம்ம ஊர்ப் பிரச்சினை: குளவி. சும்மா சாத்தி வைத்த குழலுக்குள் மண் கூடு கட்டிவிடும். வயலில் வரப்பு ஏறும்போது முனை சேற்றில் குத்தினாலும் அதே கதை. ஒரு விரல் அளவு மண் போதும், குழல் வீங்க. ஒவ்வொரு முறையும் போடுவதற்கு முன் இரண்டு குழலிலும் வானத்தைப் பாருங்கள். உள்சுவரில் வளையமாக நிழல் விழுந்தால் பழைய வீக்கம், எப்போதோ அடைப்போடு சுட்டிருக்கிறார்கள்.

நவம்பர் 22, மன்னை வாசகர்

டீலரிடம் அளந்தாச்சு. இடது குழல்: ஒடுக்குக்குப் பக்கத்தில் 26 தவ், மற்ற இடம் 27 முதல் 30. ஒடுக்கை எடுத்துவிடலாமாம். சேம்பர் 65. வலது குழல் உள்விட்டம் .743, சுவர் ஒரு இடத்தில் 17. வலது குழல்தான் பளபளவென்று இருந்தது! என்ன அர்த்தம்?

நவம்பர் 22, கடைமடை

குழி விழுந்த குழலை ஹோனிங் போட்டு வழித்திருக்கிறார்கள். குழி போச்சு, சுவரும் போச்சு. முத்திரை 12, நீங்கள் அளந்தது .743. முத்திரை செல்லாது. 17 தவ் வேறு. பழைய குழலில் அசாதாரணப் பளபளப்பு இருந்தால் முதலில் மைக்ரோமீட்டர்தான். லேசான குழிகளோடு 28 தவ் உள்ள குழல் இதைவிடப் பல மடங்கு மேல். குழி சேம்பருக்குள் இருந்தால் மட்டும் வேறு பேச்சு.

நவம்பர் 23, மன்னை வாசகர்

இடது குழலை மட்டும் சரி செய்து அதை மட்டும் பயன்படுத்தினால்?

நவம்பர் 23, கடைமடை

வேண்டாம். முன்விசை வலது குழல், பின்விசை இடது. அவசரத்தில் விரல் போவது முன்விசைக்கு. வீட்டில் இன்னொருவர் எடுத்தால் இரண்டிலும் போடுவார். நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்குபவரிடம் இந்த உரையாடலைக் காட்டப் போகிறீர்களா? புதுக்குழல் செருகும் ஸ்லீவிங் என்று ஒன்று உண்டு. பின்பகுதியை வைத்துக்கொண்டு மீதியை வெட்டி, புதுக்குழல் பொருத்தி, மறுபடி ப்ரூஃப் வாங்கணும். பெரிய பேர் போட்ட துப்பாக்கிக்கு மட்டுமே கட்டுப்படியாகும்.

45 நாள் முடியவில்லை அல்லவா? விற்பவரிடம் அளவைக் காட்டிவிட்டு விலகுங்கள்.

நவம்பர் 24, பழைய ஃபிட்டர்

விலகுங்கள் என்பதோடு எனக்கும் சம்மதம். ஆனால் விரிசலைப் பற்றி அவர் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, வேறு துப்பாக்கிக்கும் உதவும். கைப்பிடி விரிசலில் பசை ஊற்றுவதற்கு முன் மரத்தில் ஊறிய எண்ணெயை எடுக்கணும். அசிட்டோன் தடவி, சாக்பொடிக் குழம்பு அப்பி, வெயிலில் காயவிட்டுத் தட்டி, பொடி கறுப்பது நிற்கும்வரை திரும்பத் திரும்ப. பிறகுதான் மெதுவாக இறுகும் அரால்டைட், விரித்துப் பிடித்து உள்ளே இறங்கவிட்டு, சைக்கிள் டியூப் சுற்றி ஒரு நாள். எண்ணெய் மரத்தில் பசை பிடிக்காது, முதல் சூட்டிலேயே திறந்துகொள்ளும். ஏன் விரிந்தது என்றும் பார்க்கணும்: திருகு தளர்ந்து ஆக்‌ஷன் பின்வாங்கி மரத்தை ஆப்பு மாதிரிப் பிளந்திருக்கும். திருகு சரியாகாமல் பசை மட்டும் போட்டால் அதே இடம் மறுபடி.

டிசம்பர் 14, மன்னை வாசகர்

விலகியாச்சு. வேறொன்று பார்த்திருக்கிறேன், 70 மி.மீ., இரண்டு குழலும் 28க்கு மேல், முகம் இறுக்கம். ஆனால் சில சமயம் இரண்டாவது விசை அடித்தும் தோட்டா வெடிக்கவில்லை. சேஃப்டி நன்றாக வேலை செய்கிறது.

டிசம்பர் 14, கடைமடை

வெடிக்காத தோட்டாவின் கேப்பைப் பாருங்கள். குத்து ஆழமில்லை என்றால் முதல் சந்தேகம் லாக்கில் உறைந்த எண்ணெய், பிறகு ஸ்பிரிங், பிறகு கேப்பைக் குத்தும் ஸ்ட்ரைக்கர் முனை. முனை அரைக்கோளமாக இருக்கணும், அரித்துத் தட்டையானால் மாற்றணும். குத்து நடுவில் விழாமல் ஓரத்தில் விழுந்தால் வேறு நோய், மெக்கானிக்கிடம் விடுங்கள்.

வெடிக்காதபோது உடனே திறக்காதீர்கள். குழல் பாதுகாப்பான திசையில், அரை நிமிஷமாவது. தாமதமாக வெடிப்பதுண்டு. அதைவிட மோசம் "புஸ்" என்று பலவீனமான சத்தம். வேட் குழலில் சிக்கியிருக்கலாம். திறந்து, எடுத்து, குழலைப் பார்க்காமல் அடுத்த தோட்டா கிடையாது. பாக்கெட்டில் 20 போர் தோட்டாவும் கலந்து வைக்காதீர்கள். அது 12 போர் சேம்பரைத் தாண்டிப் போய்க் கூம்பில் நின்றுகொள்ளும், பின்னால் 12 போர் தோட்டாவும் போகும். குழல் வெடிப்புகளில் பழைய காரணம் இது.

சேஃப்டி வேலை செய்கிறது என்பதில் பாதிதான் செய்தி. சாதாரண பாக்ஸ்லாக் வகைத் துப்பாக்கியில் அது விசையை மட்டும் பிடிக்கும், உள்ளே உள்ள குதிரையைப் பிடிக்காது. போலித் தோட்டா போட்டு, சேஃப்டி போட்டு, மடித்த சாக்கின் மேல் அடிக்கட்டையை இரண்டு மூன்று முறை தட்டுங்கள். குதிரை விழுந்தால் அதைப் பிடித்து வைக்கும் சீயர் தேய்ந்திருக்கிறது. விசை இழுப்பை ஸ்பிரிங் தராசில் பாருங்கள்: முன்விசை 1.6 கிலோ, பின்விசை 1.8 கிலோ ஒட்டி. ஒரு கிலோவில் விழுந்தால் யாரோ "ஸ்மூத்" பண்ணியிருக்கிறார்கள்.

டிசம்பர் 15, வேதாரண்யம் பக்கம்

சுடும் திசை பற்றி ஒரு வார்த்தை. டெல்டா தட்டை. பின்னால் தடுக்க மேடு கிடையாது, ஒரு வயல் தள்ளி களத்தில் ஆள் இருப்பார். ரவை விட்டத்தை அங்குலத்தில் எடுத்து 2200 ஆல் பெருக்கினால் அது போகக்கூடிய அதிகபட்சக் கெஜம். 6ஆம் நம்பர் ரவை 200 மீட்டர் தாண்டும், எஸ்.ஜி. என்ற பெரிய ரவை 650 மீட்டர் போகும். நீர் நிற்கும் வயலில் தாழ்வாகச் சுட்டால் தண்ணீரில் பட்டு எழும்பும். வாய்க்கால் பாலம், வரப்பு, வேலி எங்கே தாண்டினாலும் திறந்து தோட்டாவை எடுத்துவிட்டுத் தாண்டணும்.

டிசம்பர் 15, மன்னை வாசகர்

பன்றிக்கும் மயிலுக்கும்தான் எல்லாரும் கேட்கிறார்கள்.

டிசம்பர் 15, கடைமடை

மயில் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணை, நினைக்கவே வேண்டாம். காட்டுப்பன்றிக்கு 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த முறையிலும், காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் சுடுவது வனத்துறை ஆட்கள், நிலத்துக்காரர் இல்லை. உங்கள் லைசென்ஸில் என்ன நோக்கம் எழுதியிருக்கிறதோ அதற்கு மட்டும்.

ஜனவரி 9, கடைமடை

தேர்தல் அறிவிப்பு வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒப்படைக்கும் முன் குழலுக்குள் எண்ணெய்த் துணி ஒரு முறை விட்டு, நாலு பக்கமும் போட்டோ எடுத்து, ரசீதில் முன்கட்டை தனியாக இருப்பதையும் எழுதச் சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போது அங்கேயே பிரித்துக் குழல் வழியாகப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகச் சாத்தி வைப்பதில் ஒடுக்கு விழுவது உண்டு.